அக்கா செய்தி வாசித்த காலை

அக்கா என்னைவிட நான்கு மாதம்தான் மூத்தவள். பெரியம்மாவின் மகள். அந்த நான்கு மாதத்துக்காக நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. முதல் வாரம் மனசில்லாமல் கூப்பிட்டேன். அப்புறம் அவளைக் கூப்பிட வேறு சொல்லே வாயில் வரவில்லை. இன்றைக்கும் கடைத்தெருவில் யாரோ யாரையோ ‘அக்கா’ என்று கூப்பிட்டால், எனக்கு அந்த ஒரு முகம்தான் வந்து நிற்கிறது.

அவர்கள் வாலாஜாபாத் பக்கத்தில் திருமுக்கூடலில் இருந்தார்கள். பெரியப்பா குத்தகை நிலத்தில் பயிர் வைத்திருந்தார். அக்கா படித்த பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிட்டது. ஒன்பதாவதுக்கு எங்கே அனுப்புவது என்று பேச்சு வந்தபோது, எங்கள் வீட்டிலேயே தங்கி என்னோடு படிக்கட்டும் என்று அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். ஜூன் மாதத்தில் ஒருநாள், ஒரு துணிப்பையும் அரைச் சாக்கு வேர்க்கடலையுமாகப் பெரியப்பா அவளைக் கொண்டுவந்து விட்டுப் போனார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டின் பாதியை அப்பாவின் தறி அடைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் நாங்கள் இருந்தோம். அதில் அவளுக்குக் கிடைத்தது அலமாரியில் ஒரு தட்டும் என் பாயில் பாதியும்.

அக்காவுக்குப் பேச்சு திக்கும். எல்லா எழுத்திலும் இல்லை. உதடு இரண்டும் சேர்கிற எழுத்துகளில்தான் மாட்டிக்கொள்வாள். மூடிய வாய் திறக்காது. திறந்தால் ஒரே எழுத்து நான்கைந்து தடவை வந்து விழும். அப்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். பள்ளியில் டீச்சர்கள் கேள்வி கேட்டால், விடை தெரிந்தும் தெரியாது என்று தலையாட்டிவிடுவாள். தெரியாது என்று சொல்வது அவளுக்குச் சுலபம். அந்தச் சொல்லில் உதடு சேர்வதில்லை.

ஒருநாள் சாயங்காலம் சமூக அறிவியல் பாடத்தை நான் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே புத்தகத்தில் இருவரும் குனிந்திருந்தோம். அவளும் மெல்லச் சேர்ந்து படித்தாள். பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தபோதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஒரு இடத்தில்கூட அவள் நிற்கவில்லை. அடுத்த பக்கத்தையும் சேர்ந்து படித்துப் பார்த்தோம். அதிலும் நிற்கவில்லை. என் குரல் கூடவே போனால் அவள் குரலும் தடையில்லாமல் வந்தது. தனியாகப் படித்தால் மறுபடி மாட்டிக்கொண்டது. ஏன் அப்படி என்று எங்களுக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. அது எங்கள் இருவருடைய ரகசியமாக இருந்தது.

அதற்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் சேர்ந்து படித்தோம். கல்யாணப் பத்திரிகைகள், இருமல் மருந்துப் பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதம், சுவரில் ஒட்டிய கருடசேவை நோட்டீஸ், எதையும் விடவில்லை. பள்ளிக்கு நடந்து போகும் வழியில் இருக்கிற கடைப் பலகைகள் ஒவ்வொன்றையும் இரண்டு பேரும் ஒரே குரலில் வாசித்துக்கொண்டு போவோம். பட்டு மாளிகை என்று வந்தால் அவள் என் விரலைப் பிடித்துக்கொள்வாள். அந்த ‘ப’வைத் தாண்டியதும் விட்டுவிடுவாள். எதிரில் வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. அந்த ஐந்தாறு மாதங்களில் நான் அவளோடு நடந்ததுபோல், அதற்குப் பிறகு யாரோடும் நடந்ததில்லை.

எங்கள் வகுப்பில் ஜன்னலோர மூன்றாவது பெஞ்சு ஹேமலதாவுடையது. ஜரிகை வியாபாரி வீட்டுப் பெண். அவளோடு இன்னும் மூன்று பேர் உட்காருவார்கள். அந்த நான்கு பேரும் சிரித்தால், என்ன விஷயம் என்று தெரியாமலேயே மற்றவர்களுக்கும் சிரிப்பு வரும். செல்போனில் கேமராவும் ப்ளூடூத்தும் வந்திருந்த புதிது. பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. ஹேமலதா ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக் கொண்டுவருவாள். அந்த மூன்றாவது பெஞ்சில் உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போது வந்தது என்று நினைவில்லை. வந்த பிறகு போகவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரு மாணவி மேடையேறிச் செய்தி வாசிக்க வேண்டும். எங்கள் வகுப்பின் முறை வந்தபோது, வகுப்பு ஆசிரியையான கணக்கு டீச்சர் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி பெயர்களைப் படித்தார். மூன்றாவது பெயர் அக்காவுடையது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் சரி என்று தலையாட்டினாள். செய்தியில் தலைப்பே ‘மாநிலச் செய்திகள்’ என்றுதான் தொடங்கும். முதல் எழுத்தே அவளை மறிக்கிற எழுத்து.

பதினைந்து நாள் இருந்தது. வீட்டில் பயிற்சி ஆரம்பித்தோம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்பவர். அவர் புதுப் போன் வாங்கியதும் பழையதை அம்மாவிடம் கொடுத்திருந்தார். அது டிவி மேல் இருக்கும். ஒரு சனிக்கிழமை அப்பா சாப்பிடத் தறியை விட்டு எழுந்து போயிருந்த நேரத்தில், அக்கா அதை எடுத்து என் கையில் கொடுத்து, திக்கித் திக்கிச் சொன்னாள்.

“நீ கூடப் படிக்காத. நான் மட்டும் படிக்கிறேன். நீ அத ரெக்கார்ட் பண்ணு. எங்கெங்க மாட்டிக்கினு நிக்கிறேன்னு எனக்கே கேக்கணும்.”

தறிப் பக்கத்தில் நின்று, கையில் தினசரியைப் பிடித்துக்கொண்டு அவள் வாசித்தாள். ‘மா’வில் நின்றாள். மா, மா, மா என்று எட்டோ ஒன்பதோ தடவை. நடுவில் மூச்சை இழுக்கும் சத்தம். பிறகு ‘நிலச் செய்திகள்’ என்பது அணை உடைந்ததுபோல் வேகமாக வந்தது. நான் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். அவள் அதைக் காதில் வைத்து மூன்று தடவை கேட்டாள். முகம் சுளிக்கவில்லை. பரவால்ல, போன வாரத்துக்குக் கொறஞ்சிருக்குது என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அறிவியல் நோட்டு வேண்டும் என்று ஹேமலதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததே எனக்குப் பெரிய விஷயம். ஆனால் அவளுக்குக் காட்ட எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. தறியை அவள் எத்தனையோ பார்த்திருப்பாள். அம்மா கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டு, போரடிக்கிறது என்பதுபோல் வாசலைப் பார்த்தாள். எழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்தது. டிவி மேலிருந்த போனை எடுத்தேன். அவள் கேட்கவில்லை. நானாகத்தான் எடுத்தேன். இந்த இடத்தை நான் எத்தனையோ விதமாக மாற்றி நினைத்துப் பார்த்திருக்கிறேன். எப்படி மாற்றினாலும் போனை எடுத்தது நான்தான்.

ஹேமலதா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளை அப்படிச் சிரிக்க வைத்தது நான் என்ற சந்தோஷத்தில் நானும் சிரித்தேன். எனக்கு அனுப்பு என்றாள். அனுப்பினேன். திரையில் நீலக் கோடு ஒன்று மெதுவாக நகர்ந்தது. பாதியில் நிறுத்த ஒரு பொத்தான் இருந்தது. என் கட்டைவிரல் அதன் மேலேயேதான் இருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த அக்கா, கோடு முழுதாக நிறைந்த பிறகுதான் குடத்தோடு உள்ளே வந்தாள்.

திங்கட்கிழமை மூன்றாவது பெஞ்சில் எனக்கு இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம் காற்று வருகிறது என்று அக்காவிடம் சொன்னேன். போ என்றாள். என் பையை அவளே எடுத்துக் கொடுத்தாள். நான் விட்டுப்போன இடத்தில் பத்மாவதி வந்து உட்கார்ந்தாள். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சைக்கிளில் வருகிற பெண். அதிகம் பேசமாட்டாள். அவள் பெயரை நான் அதுவரை இரண்டு மூன்று தடவைகூடச் சொல்லியிருக்கமாட்டேன்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து அக்காவின் குரல் வந்தது. மா, மா, மா. வகுப்பே சிரிப்பில் வெடித்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஹேமலதாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. பிறகு டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து சாப்பிடத் தொடங்கினாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

இரண்டே நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. அண்ணன்மார் போனுக்குப் போய், அங்கிருந்து டியூஷன் பையன்கள் போனுக்குப் போனது. ஒருவன் அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டான். அக்காவின் பெயர் ‘மாமா’ ஆயிற்று. பள்ளி விட்டு நாங்கள் நடக்கும்போது, சைக்கிளில் வரும் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே மெதுவாக மிதிப்பார்கள். அக்கா தரையைப் பார்த்து நடப்பாள். கடைப் பலகைகளை நாங்கள் அதற்குப் பிறகு வாசிக்கவில்லை. சனிக்கிழமை நான் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது, தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் மாமா வழக்கமில்லாமல் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டிவி மேலிருந்த போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, பேட்டரி வீங்கிப் போயிருக்கிறது, வெடித்துவிடும் என்றார். என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் போன் திரும்பி வரவே இல்லை. கடையில் கூட வேலை செய்கிற ஒருவரின் போனில் அவர் அன்று தன் அக்கா மகளின் குரலைக் கேட்டார் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அப்போது நான் பேட்டரி வெடித்துவிடும் என்று நம்பி, நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் முறை திங்கட்கிழமை வந்தது. வேண்டுமானால் வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்று கணக்கு டீச்சர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இல்லை, நானே வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

அறுநூறு பேர் வெயிலில் வரிசையாக நின்றோம். அக்கா மேடையில் ஏறினாள். அன்று காலை எண்ணெய் வைத்துப் பின்னிய சடை, மடிப்புக் கலையாத தாவணி. கையில் அவள் எழுத்தில் எழுதிய தாள். மைக் அவள் உயரத்துக்கு மேலே இருந்தது. யாரும் அதைத் தாழ்த்தவில்லை. அவள் வாயைத் திறந்தாள். ‘மா’ என்றாள். நின்றாள். மறுபடி ‘மா’. எங்கள் வரிசையிலிருந்தா, பத்தாம் வகுப்பு வரிசையிலிருந்தா தெரியவில்லை, யாரோ மெல்ல ‘மா, மா’ என்றார்கள். அது பரவியது. அறுநூறு பேர் உதட்டை அசைக்காமல் முனகுவதுபோல் ஒரு சத்தம். மேடையில் அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள்.

என்ன செய்தால் அவள் வாசிப்பாள் என்பது அந்த அறுநூறு பேரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். பக்கத்தில் போய் நின்று கூடச் சேர்ந்து படித்தால் போதும். மேடைக்கு இருபது எட்டுகூட இருக்காது. என் முன்னால் ஹேமலதாவின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வரிசையிலிருந்து பத்மாவதி வெளியே வந்தாள். பிரார்த்தனை நடக்கும்போது யாரும் அசையக் கூடாது. உடற்பயிற்சி டீச்சர் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. பத்மாவதி மேடையேறி அக்காவின் பக்கத்தில் நின்றாள். தாளின் ஒரு ஓரத்தை அவளும் பிடித்துக்கொண்டாள். எங்கள் ரகசியம் அவளுக்குத் தெரியாது. தனியாக நிற்க வேண்டாமே என்றுதான் போனேன் என்று பிறகு சொன்னாளாம். மாநிலச் செய்திகள் என்று அவள் தொடங்கினாள். இரண்டாவது தடவை சொல்லும்போது அக்காவின் குரலும் சேர்ந்து வந்தது. முழுதாக வந்தது.

இரண்டு பேருமாகக் கடைசிச் செய்திவரை வாசித்தார்கள். முனகல் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா எங்கும் நிற்கவில்லை. எனக்கு மட்டும் தெரிந்திருந்த அந்தக் குரலைப் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. அது என்னிடமிருந்து போய்விட்டது.

தலைமை ஆசிரியை மைக்குக்கு வந்தார். அதட்டுவார் என்று எதிர்பார்த்தோம். சாதாரணமாகப் பேசும் குரலில்தான் பேசினார்.

“சத்தம் போட்டவங்க யாருன்னு நான் கேக்கப் போறதில்ல. சத்தம் போடாம நின்னவங்களத்தான் கேக்கறேன். உங்கள்ல ஒருத்திக்குத்தான் காலு இருக்குதா?”

அன்றே போன்கள் பிடிபட்டன. பெற்றோர் கூப்பிடப்பட்டார்கள். டியூஷன் பையன்களின் பள்ளிக்கும் எங்கள் தலைமை ஆசிரியையே நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஹேமலதா அழுதாள், ஆனால் என் பெயரைச் சொல்லவில்லை. யாரோ அனுப்பினார்கள் என்று சாதித்தாள். கடைசியில் அக்காவையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார்கள், ஒரே வீடு என்பதால். பின்னணியில் பள்ளிக்கூடச் சத்தம் எதுவும் இல்லாமல் பதிவாகியிருக்கிறதே, இதை யார் எடுத்தது, உனக்குத் தெரியுமா என்று தலைமை ஆசிரியை அக்காவிடம் கேட்டார்.

“தெரியல டீச்சர்.”

திக்காமல் சொன்னாள். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். அக்கா மறுபடியும் அதையே சொன்னாள். போகச் சொல்லிவிட்டார்.

வராந்தாவில் நடக்கும்போது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அதை அனுப்பியது நான் என்று அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பதிவு எடுக்கப்பட்டபோது தறிப் பக்கத்தில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருத்தி அவள். மிச்சம் யார் என்று கண்டுபிடிக்கப் பதினான்கு வயதுப் புத்தி தாராளமாகப் போதும். எனக்கு அது எட்டவே இல்லை. பயத்திலிருந்து தப்பித்தவளுக்குப் புத்தி வேலை செய்வதில்லைபோலும்.

அந்த வருடத்திலிருந்து எங்கள் பள்ளியில் செய்தியை இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது வழக்கமாயிற்று. எல்லா வகுப்புக்கும் அதே விதி. யாருக்காக அந்த விதி வந்தது என்பதை அடுத்த வருடம் சேர்ந்த பிள்ளைகள் அறிந்திருக்கமாட்டார்கள். அக்காவை ‘மாமா’ என்று கூப்பிடுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. நான் மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்து பழைய இடத்துக்குப் போனேன். பத்மாவதி நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். ஆனால் நடுவில் அவள்தான் இருந்தாள்.

அக்கா என்னோடு சண்டை போடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பத்தாவது முடியும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். என் சடையைப் பின்னிவிட்டாள், என் பாயில் படுத்தாள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். சேர்ந்து படிக்க மட்டும் வரவில்லை. நான் சத்தமாகப் படிக்கத் தொடங்கினால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்மாவதியின் சைக்கிள் எங்கள் தெருவில் மணியடிக்கும். அக்கா பின்னால் ஏறிக்கொள்வாள். இருவரும் திருப்பருத்திக்குன்றம் பக்கம் போய்விட்டு மத்தியானம் வருவார்கள். தெருமுனை திரும்பும்போது இரண்டு குரல்கள் ஒன்றாக எதையோ வாசித்துக்கொண்டு போவது எனக்குக் கேட்கும். அது எந்தக் கடைப் பலகை என்றுகூட எனக்குத் தெரியும்.

இப்போது கல்யாணங்களில் பார்த்துக்கொள்கிறோம். ஒருமுறை சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் போன் விஷயம் என்று நான் ஆரம்பித்தேன். “அதெல்லாம் இப்ப எதுக்கு? இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்திக்கோ” என்றாள் அக்கா. சாம்பார் வாளிக்காரரைக் கையசைத்துக் கூப்பிடவும் செய்தாள். மன்னித்துவிட்டாளா, மறந்துவிட்டாளா, இல்லை அந்தக் கதவை எனக்கு மட்டும் மூடி வைத்திருக்கிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் மகன் மண்டபத்து வாசலில் இருந்த பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும் அவள் போய் அவனோடு சேர்ந்து படித்தாள். நானும் எழுந்து போகலாமா என்று நினைத்து, எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தேன்.

பத்தாவது பரீட்சை முடிந்து, பெரியப்பா வந்து அவளைக் கூட்டிப்போனது ஏப்ரலில். லீவு முடிந்து வந்துவிடுவாள் என்றுதான் இருந்தேன். மே மாதம் முழுக்க நான் பழுப்புக் காகிதம் வாங்கி, பதினோராம் வகுப்புக்கு இரண்டு பேருடைய நோட்டுகளுக்கும் அட்டை போட்டு வைத்தேன். அவள் நோட்டுகளில் அவள் பெயரை என்னால் முடிந்த அழகில் எழுதினேன். அலமாரியில் அவள் தட்டைத் துடைத்துக் காலியாக வைத்தேன். ஜூன் வந்தது. பள்ளி திறந்த அன்று காலை, அம்மா என்னைப் பார்க்காமல் வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னாள்.

“அவ வாலாஜாபாத்லயே சேர்ந்துட்டாம்மா. அங்கருந்து காஞ்சிபுரம் வர பஸ்ஸு சரியில்லையாம்.”

தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள் இல்லையே, எங்கள் வீட்டில்தானே இருப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வருடம் முழுக்க, பஸ் நிலையத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம், வாலாஜாபாத் போகிற பஸ்களைக் கோபமாக முறைத்துக்கொண்டே போனேன்.